மோட்டாரின் இரண்டு முனைகள்

லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பருக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. வாலிப வயதில் இரும்புச் சீவல் ஒன்று தெறித்து அந்தக் கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துத்தான் டிராக்டருக்கும் நெல் அறுக்கும் வண்டிக்கும் உதிரிகள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை சார் என்பார். நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நில அளவை வரைபடம் போடுகிறவன்.

எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம், சின்னதாக மாதிரி ராக்கெட் செய்து பறக்கவிடுவது. ராக்கெட்டின் அடியில் பொருத்தும், மருந்து அடைத்த குழாயைத்தான் மோட்டார் என்போம். வால் பக்கத் துவாரம் வழியாக நெருப்பு பீறிடும், தலைப் பக்கம் மூடியால் அடைத்திருக்கும். பறக்கவிடுவதற்கு முன்பு அதை இரும்பு ஸ்டாண்டில் படுக்கவைத்துக் கட்டி எரித்துப் பார்க்க வேண்டும். ஆபத்து முழுவதும் அந்தச் சோதனையில்தான். அதற்கென்று விதிகள் எழுதி, அட்டையில் ஒட்டி, வண்டியிலேயே வைத்திருந்தேன். தீ வைப்பது நீளமான ஒயர் இழுத்து, பேட்டரியால் மட்டும். பற்றாமல் போனால் நெடுநேரம் யாரும் கிட்டே போகக்கூடாது. வாளியில் தண்ணீர், ஈரச் சாக்கு, கண்ணுக்குக் கண்ணாடி. காற்று அடித்தால் அன்றைக்கு வேலை இல்லை. பௌர்ணமியன்று சோதனையே கிடையாது. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது, அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது.

கடைசி விதியைப் படித்துவிட்டு பாய் சிரிப்பார். "அடிபடறதுக்குக் கூட நாள் பாத்து வெச்சிருக்கீங்க சார்."

இடம், என் மனைவியின் அண்ணனுக்குச் சொந்தமானது. கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய வெற்று நிலம். கிணறு தோண்டிய மண் ஒரு பக்கம் குன்று மாதிரி குவிந்து கிடந்தது. நான் போட்ட வரைபடத்தின்படி மோட்டாரின் தலை அந்த மண்மேட்டைப் பார்த்து இருக்கும். வால் மேற்கே வெட்டவெளியைப் பார்க்கும். நாங்கள் மண்மேட்டுக்குக் கிழக்கே பதுங்கியிருப்போம். மூடி பிய்த்துக்கொண்டாலும் மண்ணில்தான் புதையும்.

காகிதக் குழாய்களை அப்படித்தான் சோதித்தோம். அப்போதெல்லாம் பனிமூட்டமான காலைகள், எதிரே ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாய் அலுமினியக் குழாய் கடைந்தார், மூடியைத் திருகி இறுக்க மரை வெட்டினார். உலோகம் வேண்டாம் என்று நான் சொன்னேன். வெடித்தால் காகிதம் கிழியும், உலோகம் பாயும். "சின்னது சார், ஒரே ஒரு தடவ பாப்போம்" என்றார். அவர் மரை வெட்டியிருந்த அழகைப் பார்த்தபின் நான் வாதாடவில்லை.

அன்று காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஸ்டாண்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்த பாய், மேற்கே பார்த்தார்.

"சார், வால் மலையப் பாத்து இருக்குது."

பார்த்தேன். வெட்டவெளியைத் தாண்டி, நேர் எதிரே மலை நின்றது, பௌர்ணமிதோறும் ஊரே சுற்றிவந்து சாமியாகக் கும்பிடும் மலை.

"அதுக்கென்ன பாய், எவ்ளோ தூரத்துல இருக்குது?"

"தூரம் இருக்கட்டும். மலைக்கு நேரா பின்பக்கத்தக் காட்டி நெருப்பு கக்க விடறதா? நாளைக்கு எதுனா ஆச்சுன்னா, பாய் வந்தான், மலையப் பாத்து வெச்சான்னுதான் பேசுவாங்க."

மச்சான் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "பாய் சொல்றது கரெக்டு மாப்ள. நானே சொல்லலாம்னு இருந்தேன். இந்த நெலத்துல கால் நீட்டிப் படுத்தா கூட நாங்க அந்தப் பக்கம் நீட்ட மாட்டோம். திருப்பி வைங்க."

"அவருக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலயே சார்" என்றார் பாய்.

மூவரும் சேர்ந்துதான் ஸ்டாண்டைத் தூக்கித் திருப்பினோம். இப்போது வால் மண்மேட்டைப் பார்த்தது. நெருப்பு மண்ணில் மோதி அடங்கும், அதுவும் நல்லதுதான் என்று எனக்கே பட்டது. ஆனால் நெருப்பு பாயும் பக்கத்தில் நாங்கள் இருக்க முடியாது. எனவே மேற்கே, மோட்டாரின் தலைப் பக்கம் போனோம். மார்பளவுக்கு மணல் மூட்டை அடுக்கினோம். விதி அட்டையை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தண்ணீர், சாக்கு, ஒயர், கண்ணாடி, காற்று. எல்லாம் சரியாக இருந்தது. தலைக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது என்று அட்டையில் இல்லை. தலைக்கு நேரே எப்போதும் மண்மேடுதானே இருந்தது.

பேட்டரியை நான் அழுத்தினேன். சீறல் கேட்டது. மோட்டார் எவ்வளவு உந்துகிறது என்று காட்டும் தராசு முள்ளைப் படிக்க வேண்டும். அது எப்போதும் பாயின் வேலை. அவர் மூட்டைக்கு மேலே தலையை உயர்த்தினார். சீறல் ஊளையாக மாறியது. பிறகு இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம், மூடி பிய்த்துக்கொண்டு சிதறியது.

பாய் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார். அவர் போட்டிருந்தது பட்டறையில் தீப்பொறிக்குப் போடும் கண்ணாடி. அதன் வலது பாதி இல்லை.

"சார், எந்தக் கண்ணு?" என்று கேட்டார். கை இரண்டையும் முகத்துக்குக் கொண்டுபோகாமல் அந்தரத்தில் வைத்திருந்தார். நான் அவருடைய வலது தோளைப் பிடித்தேன். "சரி" என்றார்.

மச்சானின் வேனில் ஏற்றினோம். சாலை காலியாக இருந்தது. என் விதிகளில் அன்று உதவியது அந்தப் பௌர்ணமி விதி ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே அறுவை செய்தார்கள், மறுபடியும் செய்தார்கள். கடைசியில் டாக்டர் பாயின் மனைவியை வெளியே அழைத்துப் பேசினார். அந்த அம்மா திரும்பி வந்து, முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, "வெளிச்சம் மட்டும் தெரியுமாம்ணே" என்றார்.

காவல் நிலையத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நிலத்தை வரைந்து காட்டச் சொன்னார்கள். வரைந்தேன், திசைக் குறியும் போட்டேன். விசாரித்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர், இந்தப் பக்கத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது.

"இந்த மண்மேடு இருக்குதே, அதுக்குப் பின்னால நிக்க வேண்டியதுதானே. ஏன் திருப்பி வெச்சீங்க?"

"மேற்கால மலைங்க" என்றேன்.

அவர் வரைபடத்தின் மேற்குப் பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொள்ளவும் இல்லை.

பாய் வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிறுதோறும் போகிறேன். பட்டறை பூட்டிக் கிடக்கிறது. லேத்தின் மேல் எண்ணெய்ச் சாக்கு போர்த்தியிருக்கிறார்கள். அவர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வெயில்தான் அவருக்குத் தெரிகிறது.

போன வாரம் கேட்டார். "உங்க அட்டை என்னா ஆச்சு?"

"இருக்குது. புதுசா ஒண்ணு சேர்த்திருக்கேன்."

"படிங்க."

படித்தேன். எந்தத் திசையில் வைத்தாலும், மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நேரே ஆள் நிற்கக்கூடாது.

"எந்தத் திசையில்னா ஒருத்தனுக்கும் உறைக்காது சார். எதிர்ல மலையே இருந்தாலும் திருப்பாதேன்னு போடுங்க. இல்லனா நம்ம ஊர்க்காரன் திருப்பித்தான் வெப்பான்."

"இனிமே யாரு பாய் வெக்கப் போறா?"

"எவனாவது வெப்பான். எழுதுங்க."

பேனாவை எடுத்து அவர் சொன்னபடியே எழுதினேன். பேனா ஓடும் சத்தம் நின்றதும் கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். வாங்கி, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பி நீட்டினார்.

"படிங்க சார்" என்றார்.