நுனியில் ஓட்டம், கணுவில் தாவல்

கன்ட்ரோலரை எடுக்கும் முன் வலது கட்டைவிரலை இடது தோளில் ஒரு தேய் தேய்த்துக்கொள்வது கத்திரியின் பழக்கம். எந்தச் சட்டை போட்டாலும் தோளில் அந்த இடம் மட்டும் முதலில் வெளுத்துப்போகும். வேலை செய்யும் கடையில் கத்தரிக்கோலை எடுக்கும்போதும் அப்படித்தான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அண்ணி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அண்ணி எதையுமே வாய்விட்டுக் கேட்பவள் இல்லை. ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து அடுத்தவர் துணியைப் பிரித்து, சுருக்கி, மடித்துத் தைப்பாள். கண் மட்டும் எல்லா இடத்திலும் இருக்கும்.

கத்திரி அவளுடைய நாத்தனார். பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் தரை கூட்டப் போனவள், படிப்படியாக ஏறிக் கண்ணாடி முன்னால் தனக்கென ஒரு நாற்காலி வாங்கியவள். அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர் பேச்சில் எல்லாமே மாடிதான். டிவிக்குக் கீழே இருந்த மூன்று கேம் பெட்டிகளையும் மாடி என்றே சொல்வார். கீழ்மாடியில் கேசட் போடும் பழைய பெட்டி, நடுமாடியில் சிடி பெட்டி, மேல்மாடியில் போன வருஷம் வாங்கிய புதுப்பெட்டி. எதையும் விற்க விடமாட்டார்.

ஒவ்வொரு மாடியிலும் கத்திரிக்கு ஓர் ஆட்டம் உயிர். மேல்மாடியில் காட்டுக்குள் குறிபார்க்கும் வில்லுக்காரி. நடுமாடியில் மழை ரேஸ். கீழ்மாடியில் கூரைக்குக் கூரை ஓடித் தாவும் குள்ளன். குள்ளனை ஆட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடுவான். அதை விடாமலே பக்கத்துப் பொத்தானையும் அழுத்தினால்தான் பெரிய பள்ளத்தைத் தாண்டுவான். கட்டைவிரல் நுனியில் ஓட்டம், கணுவில் தாவல். ஒரே விரலைத் தராசு மாதிரி சாய்த்துச் சாய்த்து ஆடவேண்டும்.

அந்த விரலைத்தான் பீங்கான் தொட்டி அறுத்தது. ஒரு வாடிக்கையாளரின் தலையை அலசும்போது விரிசல் விட்டிருந்த விளிம்பு உடைந்து கையோடு வந்தது. விரலை மடக்கும் தசைநாண் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். கட்டு பிரித்தபோது கட்டைவிரல் மரக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

கையைப் பயிற்றுவித்த பிசியோ அம்மா, “ஆட்டிக்கிட்டே இருக்கணும்மா. சும்மா விட்டா தைச்ச நாண் உள்ளே தழும்போட ஒட்டிக்கும்,” என்றார். வீட்டில் கேம் இருக்கிறது என்று அண்ணன் சொன்னதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “ஆடட்டும், நல்லதுதான். மெதுவா, கட்டைவிரலால மட்டும்.”

அண்ணன் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். “கீழ்மாடியிலேர்ந்து ஏறு. குள்ளன், ரேஸ், வில்லுக்காரி. மூணையும் ஜெயிச்சுட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடணும். நடுவுல லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுதான்.”

“நீ ரிப்பேர் பண்ற லிஃப்ட் இருக்கிற இடத்துல எல்லாரும் படிக்கட்டுலதானே போறாங்க,” என்றாள் கத்திரி.

கடைக்கார முதலாளியக்கா நல்லவர்தான். ஆனால் கடை என்றால் கடை. மாதக் கடைசி வரை நாற்காலியைக் காலியாக வைத்திருப்பேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லியிருந்தார். வேலைக்கு ஆள் கேட்டு இரண்டு பெண்கள் ஏற்கெனவே வந்துபோயிருந்தார்கள்.

முதல் நாட்களில் குள்ளன் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். கத்திரி உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஆடினாள். அவன் விழும்போதெல்லாம் அண்ணன் “டொய்ங்” என்று வாயால் சத்தம் கொடுத்தார். பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் மாறியது. குள்ளன் பள்ளம் தாண்டினான். ரேஸில் அண்ணன் தோற்றார். அடுத்த சில நாட்களில் வில்லுக்காரி, பறக்கிற பறவையையே அடித்தாள். அண்ணன் முதலாளியக்காவுக்கு போன் போட்டு, “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, நீங்களே பாருங்க. திங்கள்லேர்ந்து வேலைக்கு வந்துடுவா,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாலை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கத்திரி கன்ட்ரோலரை எடுக்கும் முன் விரலைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். தேய்த்தது கட்டைவிரலை இல்லை, ஆள்காட்டி விரலை.

அண்ணி ஊசியைக் குத்தி வைத்தாள். மெஷினை விட்டு எழுந்து, துணி மடிப்பதுபோல அந்தப் பக்கம் போனாள். ஆள்காட்டி விரல் நண்டுக்கால் மாதிரி வளைந்து மேலிருந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் எந்த வேலையும் இல்லாமல் ஒதுங்கி, விறைத்து நின்றது.

அண்ணன் மளிகைக் கடைக்குப் போன நேரம் பார்த்து, துணி வெட்டும் கத்தரிக்கோலை அவளிடம் நீட்டினாள். “இந்த நூலை வெட்டும்மா.”

கத்திரி கத்தரிக்கோலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்தாள். விரல் நகரவில்லை. தோள் நடுங்க இழுத்ததில் கத்தரிக்கோலின் வாய் ஒரு நெல் அளவு திறந்து, அப்படியே நின்றது.

“எத்தனை நாளா?”

“ஜெயிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து,” என்றாள் கத்திரி. “வேணும்னு பண்ணல அண்ணி. ஒரு பள்ளத்துல விரல் தானா மாறிடுச்சு. ஜெயிச்சுட்டேனா, அப்புறம் திரும்பத் தோக்கப் பிடிக்கல.”

“நாளைக்கு?”

“சமாளிச்சுக்குவேன். முதல்ல சீவி விடுறது, கலர் போடுறதுன்னு ஏதாவது பண்ணிக்கிட்டு இருந்தா போகப்போக சரியாயிடும். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா என் நாற்காலி போச்சு.”

அண்ணி மெஷினுக்குத் திரும்பினாள். அன்று தைத்த சட்டையில் இடது கையையும் வலது கையையும் மாற்றித் தைத்துவிட்டு, பிரித்து மறுபடியும் தைத்தாள். கூர்மையான கத்தரிக்கோல், திரும்பாத விரல், பக்கத்தில் யாரோ ஒருவரின் காது. கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது.

ஞாயிறு மதியம் முதலாளியக்கா வந்தார். அண்ணன் மேல்மாடியைத் திறந்து வைத்தார். வில்லுக்காரி ஓடினாள், குனிந்தாள், அடித்தாள். கத்திரி கையை மடியில் தாழ்த்தி, துப்பட்டாவால் பாதி மறைத்துக்கொண்டு ஆடினாள்.

“அடேயப்பா!” என்றார் முதலாளியக்கா. “எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா அமுக்க வராது.” சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து கடைக் கத்தரிக்கோலை வெளியே எடுத்தார். “இந்தா, உன்னோடதுதான். பின்கழுத்துல கொஞ்சம் வளர்ந்துடுச்சு. சரி பண்ணு பார்ப்போம்.” நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடியை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

கத்திரி தயங்கி எழுந்தாள். கத்தரிக்கோலை வாங்கினாள். பின்னால் போய் நின்றாள். கழுத்தும் காது மடலும் அவளுக்கு எதிரே இருந்தன. அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

“வேண்டாம்,” என்றாள் அண்ணி.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். அண்ணன் திரும்பினார். “என்னது?”

“குள்ளனைப் போடுங்க. முதல்ல அதை ஆடட்டும்.”

“அது கீழ்மாடி. அவ அதையெல்லாம் தாண்டி எங்கேயோ போயிட்டா.”

“போடுங்க.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஒரே பேச்சை இரண்டு முறை சொல்லி அவர் கேட்டதில்லை. கேசட்டைச் செருகினார். அண்ணி மெஷினிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்து வந்து, கத்தரிக்கோலை வாங்கி மேஜையில் வைத்தாள். கத்திரியின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கத்திரி கையை இழுக்கவில்லை. “உங்களை நம்பினேனே அண்ணி,” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

குள்ளன் ஓடினான். முதல் பள்ளத்தில் விழுந்தான். அண்ணன் பழக்கத்தில் “டொய்ங்” என்றார். மறுபடி ஓடினான், மறுபடி விழுந்தான். மூன்றாவது முறை அவர் சத்தம் கொடுக்கவில்லை. தங்கையின் கையையே பார்த்தார். ஓட்டப் பொத்தானில் வைத்த கட்டைவிரல் சாயவே இல்லை. ஒன்று ஓட்டம், இல்லாவிட்டால் தாவல். இரண்டும் சேர்ந்து வரவில்லை.

“எவ்வளவு நாளா ஏமாத்துற?” என்றார்.

“நீதானே நான் தோத்தா டொய்ங்னு சிரிச்ச,” என்றாள் கத்திரி. குரல் உடைந்தது.

முதலாளியக்கா மெல்ல எழுந்து தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கத்தரிக்கோலைப் பைக்குள் வைத்தார். “திங்கட்கிழமை வராதம்மா,” என்றார். “கோபமா சொல்லல. ஆனா வராத.”

மாதம் முடிந்ததும் நாற்காலி வேறு பெண்ணுக்குப் போனது. பிசியோ அம்மா விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே ஒட்டிக்கொண்டது நிஜம்தான், ஆனால் முழுக்கக் கெட்டுப்போகவில்லை, இன்னும் தாமதித்திருந்தால் திரும்பவும் வெட்டித்தான் பிரிக்கவேண்டியிருக்கும் என்றார். அதைக் கேட்ட பிறகும் கத்திரி அண்ணியோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட அண்ணனிடம் சொல்லிக் கேட்டாள். ஆனால் தினமும் மாலையில் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து அண்ணி முன்னால் கையை நீட்டுவாள். ஒற்றைக் கையால் அந்த முடிச்சு போட வராது. அண்ணி கட்டிவிடுவாள். பிறகு குள்ளன் விழத் தொடங்குவான். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார், அல்லது பக்கத்து அறையில் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்.

மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் அண்ணி பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வரும் விழுகிற சத்தம் வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். குள்ளன் மறுகூரையில் நின்றுகொண்டிருந்தான். கத்திரி அவனை மேற்கொண்டு ஓட்டாமல் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி,” என்றாள். “பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

இப்போது கத்திரி அதே கடையில், முதலாளியக்கா திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்த கதவோரத்து நாற்காலியில் வேலை செய்கிறாள். விரல் நுனி முழுதாக மடங்குவதில்லை. முன்நெற்றி முடி, ஓரம் சரிசெய்வது போன்ற சின்ன வேலைகளை எடுத்துக்கொள்கிறாள். நீண்ட வேலைகளைப் பழைய நாற்காலியில் இருக்கும் பெண்ணிடம் தள்ளிவிடுகிறாள். வீட்டில் கீழ்மாடியைத் தாண்டி நடுமாடிக்கு வந்திருக்கிறாள். மழை ரேஸில் அண்ணன் தினமும் ஜெயிக்கிறார், ஆனால் சத்தம் கொடுப்பதில்லை. அண்ணியோடு பழையபடி பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆடும்போது அண்ணி அந்தப் பக்கம் வந்தால் மட்டும், கட்டைவிரல் தெரியும்படி கன்ட்ரோலரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.