பிரீவ் நிலையத்தில் நான்கு எலுமிச்சம்பழங்கள்

பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரீவ் நகரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ நாலரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே கோதுமை, பசுக்கள், மறுபடியும் கோதுமை. "பாரிஸை ரெண்டே நாள்ல முடிச்சுட்டுக் கிராமத்துக்கா போறீங்க? அங்க என்ன இருக்கு?" என்று நாங்கள் வசிக்கும் பிளானோவில் எங்களைக் கேட்காத நண்பர்கள் இல்லை. டெக்சாஸில் மாடும் வயலும் பார்க்காதவர்களா நாங்கள் என்பது அவர்கள் வாதம்.

காரணம் எங்கள் மகள் யாழினி. பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அவள் பார்ட்டி கேட்கவில்லை. பிரான்சின் தென்மேற்கே, லெ ஸெய்ஸி என்ற கிராமத்தின் ஃபோன்-த-கோம் குகையில், பதினான்காயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் மனிதர்கள் தீட்டிய ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு நேரத்தில் சிறு குழுவைத்தான் உள்ளே விடுவார்கள். பல வாரம் இணையத்தில் காத்துக் கிடந்து அவளே மூன்று டிக்கெட் பிடித்தாள். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு நுழைவு. தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். அந்த வாரம் முழுக்க வேறு டிக்கெட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் 12.15. பிரீவில் இறங்கி வாடகைக் கார் அலுவலகத்துக்குப் போனால் ஷட்டர் சாத்தியிருந்தது. சாப்பாட்டு நேரமாம், 2 மணிக்குத்தான் திறப்பார்களாம். பசி என்றால் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர் என்று அப்போதே அதன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பாரிஸ் அறையில் குக்கர் வைத்துக் கிளறிய புளிசாதத்தை நாங்களும் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம்.

மதியம் 2.10. அலுவலகத்தில் இருந்த இளைஞர் சாவியைக் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டீசல் கார். என் கணவர் கார்த்தி கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே இறங்கினார்.

"சுமதி, இதுல மூணு பெடல் இருக்கு."

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று தனியாகச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்பது அமெரிக்கத் தமிழனுக்குத் தோன்றவே தோன்றாது. கார் என்றாலே அதுதானே! சென்னையில் பைக் மட்டும் ஓட்டியவர் கார்த்தி. கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே டெக்சாஸில் இர்விங் நகரத்துக்கு வந்து, அதுவும் இரண்டு பெடல் வண்டியில். இளைஞர் கணினியில் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆட்டோமேட்டிக் பொர்தோ நகரத்தில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கிடைக்கலாம். குகைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். டாக்சிக்கு போன் செய்தோம், எடுப்பார் இல்லை.

யாழினி அழவில்லை. டிக்கெட் அச்சடித்த காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"நான் ஓட்டறனுங்க" என்றேன்.

இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சங்ககிரிக்காரி. லாரிக்குப் பேர்போன ஊர். அப்பாவிடம் ஒரு மினி லாரி இருந்தது. கல்லூரி நாட்களில் பருத்தி மூட்டையோடு அதை ஈரோடு வரை ஓட்டியிருக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது என் மாமா இதைத்தான் பெருமையாகச் சொன்னார்: "பொண்ணு லாரியெல்லாம் ஓட்டுமுங்க." மாப்பிள்ளை வீட்டார் நல்ல ஜோக் என்று சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். பிளானோவில் பள்ளி, மளிகைக் கடை, கோயில் வரை நான் ஓட்டுவேன். டோல்வே, ஃப்ரீவே மாதிரி நெடுஞ்சாலை என்றால் ஸ்டியரிங் அவருடையது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, அதுவாக அமைந்துவிட்டது. பக்கத்து சீட்டில் எனக்கும் உத்தியோகம் உண்டு. முறுக்கு டப்பாவைத் திறப்பது, தண்ணீர் பாட்டிலை நீட்டுவது, எக்ஸிட் வருகிறது என்று கத்துவது.

"வெயிட், அம்மா கேன் டிரைவ் ஸ்டிக்?" என்றாள் யாழினி. கையால் கியர் மாற்றுகிற வண்டிக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஓட்டினது கண்ணு."

"இன்டர்நேஷனல் பர்மிட் வேணுமே?" என்றார் கார்த்தி.

அவருக்கு எடுத்தபோதே எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். 'நீ எங்க ஓட்டப்போற, வேஸ்ட்டு' என்று அன்று சிரித்தவர் இவர்தான். எதற்கும் இருக்கட்டும் என்பது என் கொள்கை. பெட்டியில் மூன்று பேருக்கும் மழைக்கோட்டு இருப்பதும் அதனால்தான். பர்மிட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். இளைஞர் என் பெயரையும் சேர்த்தார்.

திரும்பிப் பார்த்தால் கார்த்தியைக் காணோம். ஐந்து நிமிடத்தில் எதிர்ச்சாரிப் பழக்கடையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களோடு ஓடி வந்தார். குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். மென்பொருள் கட்டமைப்பு வடிவமைக்கிற மனிதர், பிரெஞ்சு வாடகைக் காருக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார். அலுவலக இளைஞர் வாசலுக்கே வந்துவிட்டார். யாழினி பள்ளியில் படித்த பிரெஞ்சில் "பூர் லா ஷான்ஸ்" என்றாள், அதிர்ஷ்டத்துக்காக என்று. அவர் என்னையும் காரையும் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதல் தடவை எஞ்சின் அணைந்துவிட்டது. இரண்டாவது தடவையும். கால்கள் எதையும் மறக்கவில்லை, கைதான் குழம்பியது. நம் ஊரில் கியர் இடது கைப் பக்கம், இங்கே வலது கைப் பக்கம். என் இடது கை கதவைத் தடவித் தடவிக் கியரைத் தேடியது. மூன்றாவது தடவை கிளட்சை மெல்ல விட்டதும் வண்டி முனகி நகர்ந்தது. நான்கு எலுமிச்சையும் அடுத்தடுத்து நசுங்கும் சத்தம் கேட்டது. கார்த்தி கை தட்டினார்.

ஊரைத் தாண்டுவதற்குள் எத்தனை ரவுண்டானா! முதல் ரவுண்டானாவின் நடுவிலேயே வண்டி நின்றது, பின்னால் ஹாரன். "பொறுங்கடா" என்று தமிழில் சொல்லிவிட்டு எடுத்தேன். மோந்தின்யாக் தாண்டியதும் சாலை வெஸேர் ஆற்றோடு சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் அக்ரூட் தோப்பு, இடையில் இரண்டு கார் உரசிக்கொண்டு போகிற அகலத்துக்கு ஒரு வழி. நான்காவது கியரிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு, வளைவு முடிந்ததும் மறுபடி மூன்று. எஞ்சின் என்ன கேட்கிறது என்று காதுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் பாட வேண்டும் போல இருந்தது. கார்த்தி மேலே உள்ள பிடியை விடவே இல்லை.

மாலை 3.50. குகையின் நிறுத்துமிடம். யாழினி கசங்கிய காகிதத்தை நீவிக்கொண்டே டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினாள்.

உள்ளே குளிர். போட்டோ எடுக்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது. வழிகாட்டிப் பெண்மணி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது வெறும் பாறையிலிருந்து ஒரு காட்டெருமை எழுந்து வந்தது. பாறையின் புடைப்பையே அதன் முதுகாக வைத்து வரைந்திருக்கிறார்கள். இன்னும் உள்ளே இரண்டு கலைமான்கள் எதிரெதிரே. ஒன்று தலை குனிந்திருக்க, மற்றது அதன் நெற்றியை நக்கிக் கொடுக்கிறது. யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்து, "யூ காட் மி ஹியர், அம்மா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமே இல்லை.

அடுத்த நிமிடமே அந்தக் கர்வம் அடங்கியது. நிறுத்துமிடத்திலிருந்து பின்னால் எடுக்க ரிவர்ஸ் கியர் விழவே மாட்டேன் என்றது. கியர்க் குமிழுக்குக் கீழே இருக்கும் வளையத்தை மேலே இழுக்க வேண்டும் என்று கார்த்தி வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தார். அன்று இரவு வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு. தோர்தோஞ் ஆற்றில் கேனோ. வித்ராக் படித்துறையிலிருந்து பேனாக் வரை பதினாறு கிலோமீட்டர். துடுப்பில் நான் பூஜ்யம். நான் வலித்த பக்கமெல்லாம் படகு எதிர்ப்பக்கம் போய்க் கூழாங்கல் திட்டில் ஏறி உட்கார்ந்தது. "இதுல கியர் இல்லம்மா, நீ சும்மா உக்காரு" என்று கார்த்தி பின்னால் போய் உட்கார்ந்தார். ஜிம்முக்குப் போகிற உடம்பு, நன்றாகவே வலித்தார். மலைப்பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் லா ரோக் கஜியாக் கிராமம் மஞ்சள் வெயிலில் கடந்து போனது. பிறகு இடது கரையில் காஸ்தெல்நோ கோட்டை, சற்றுத் தள்ளி வலது கரையில் பேனாக் கோட்டை. நூற்றாண்டுப் போரில் அது ஆங்கிலேயர் பக்கம், இது பிரெஞ்சுக்காரர் பக்கம். ஒரே தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள் மாதிரி ஆற்றுக்கு இரு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

திங்கள் காலை. பேனாக் கோட்டைக்குக் காரிலேயே மேட்டில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தது. நிறுத்தினேன். கீழே செங்குத்துச் சரிவு, பின்னால் ஒரு ரொட்டிக்கடை வேன்.

"சுமதி, நான் எறங்கிப் பின்னாடி கல்லு வைக்கவா?"

"கம்முனு இருங்க."

டிராக்டர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டதும், கைப்பிரேக்கைப் பிடித்து, பாதிக் கிளட்சில் எஞ்சின் இழுக்கும் வரை பொறுத்து, பிரேக்கை விட்டேன். ஒரு விரல்கடை கூடப் பின்னால் போகவில்லை. டிராக்டர்க்காரர் தொப்பியைத் தூக்கினார். கார்த்தி மேலே உள்ள பிடியிலிருந்து கையை எடுத்தார். அது எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை.

கோட்டை உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. "எங்க ஊர்லயும் மலைமேல கோட்டை இருக்கு, வாசலுக்கு மேல வாசலா வரும்" என்றேன். "யூ ஹாவ் எ கேஸில்? ஒய் டிட்ன்ட் யூ டெல் மி?" என்று யாழினி சண்டைக்கு வந்தாள். அடுத்த பிறந்தநாள் சங்ககிரியில் என்று அங்கேயே முடிவானது. கல்லும் உயரமும் பார்த்தால் பேனாக்குக்கு எங்கள் கோட்டை சளைத்ததில்லை. டிக்கெட் கவுன்டரும் அழகான காபிக்கடையும்தான் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரீவில் காரைத் திருப்பிக் கொடுத்தோம். அதே இளைஞர் காரைச் சுற்றி வந்து, கீறல் இல்லை என்று கட்டை விரலை உயர்த்தினார். பிறகு குனிந்து நான்கு சக்கரங்களுக்கும் கீழே பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கோ வண்டியை விட்டு வர மனமில்லை. யாரும் பார்க்காதபோது கியர்க் குமிழை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மாலை, டாலஸ் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடம். நூறு டிகிரி வெயில் சுட்டது. தோர்தோஞ் பக்கத்து ஒரு முழுக் கிராமத்தையே உள்ளே வைத்துவிடலாம், அவ்வளவு பெரிய நிறுத்துமிடம். எங்கள் வண்டி தூசி படிந்து காத்திருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கார்த்தி பழக்கப்படி டிரைவர் பக்கம் போனார். கைப்பிடியைத் தொட்டவர் நின்றார். சுற்றிக்கொண்டு வந்து என் கையில் சாவியை வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறி, முறுக்கு டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அச்சச்சோ, எலுமிச்சம்பழம் வாங்கலையே!"

"பழைய வண்டிக்கு எதுக்குங்க எலுமிச்சம்பழம்?"

"டிரைவர் புதுசாச்சே."

கண்ணாடியைச் சரி செய்தேன். ஃப்ரீவேக்குப் போகும் பாதையில் வண்டியைத் திருப்பினேன்.

"டிரைவர் பழசுதானுங்க. நீங்கதான் இப்பப் பாக்கறீங்க."