சி ஷிஃப்ட் சுகர்

போன வெள்ளிக்கிழமை சுங்குவார்சத்திரம் கிளினிக்கில் அந்தோணி அண்ணனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருக்காரர். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர், எழுபத்திரண்டு வயசு. மனைவி தவறி மூன்று வருஷம். மகன் துபாயில். மாடியை நான்கு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்... எல்லாரும் தென்காசிப் பக்கம், இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை.

சுகர் ஏறுகிறது, மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று டாக்டர் போன முறையே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அதில்தான் பயம். கூட்டி, ஒருநாள் சுகர் இறங்கி மயங்கி விழுந்தால் தூக்கிவிட வீட்டில் யார்?

காத்திருந்த நேரத்தில், வீட்டில் மெஷினில் பார்த்து தினமும் அவர் எழுதி வைக்கும் சுகர் நோட்டைப் புரட்டினேன். (அடுத்தவர் நோட்டு என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது!) இரண்டு வாரம் ஒழுங்கு. மூன்றாவது வாரம் எகிறல். மறுபடி இரண்டு வாரம் ஒழுங்கு, மறுபடி எகிறல். இதென்ன கூத்து? சுகருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?

அந்த வாரங்களில் ஏதும் கல்யாணச் சாப்பாடா என்று துருவினேன். அண்ணன் யோசித்தார்.

"அது பொண்ணுங்களுக்கு சி ஷிஃப்ட் வாரம்பா. நைட்டெல்லாம் லைன்ல நின்னுட்டு வந்து பகல்ல தூங்கினு கீதுங்க. நான் மிக்சி போட்டா முழிச்சிக்காதுங்க?"

அதனால் மிக்சி இல்லை, குக்கர் இல்லை, டிவி இல்லை. மூன்று வேளையும் டீயும் பன்னும்தான். மற்ற வாரங்களில் அந்தப் பெண்களோடு வாயாடிக்கொண்டே சமைத்துச் சாப்பிடுகிற மனுஷன், சொந்த வீட்டில் திருடன் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தனிமை மனசைப் படுத்தும், தெரியும் — ரத்தத்திலும் ஏறி உட்காருமா?

டாக்டரிடம் சொன்னேன். நோட்டை இரண்டு முறை பார்த்தார். ஒரு மாசம் ஒழுங்காகச் சாப்பிடட்டும், மாத்திரையை அப்புறம் பார்ப்போம் என்றார்.

அண்ணனை வீட்டில் விடப்போனபோது மாடிப்படியில் முத்துச்செல்வி நின்றிருந்தாள். நால்வரில் மூத்தவள். விஷயத்தைப் போட்டு உடைத்தேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"சத்தம் கேட்டா நாங்க தூங்கிருவோம் தாத்தா. கேக்கலன்னாத்தான் பயம். மொற போட்டு எந்திரிச்சு வந்து, உங்களுக்கு மூச்சு வருதான்னு சன்னல் வழியா பாத்துட்டுப் போவோம்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இது சி ஷிஃப்ட் வாரம். இதை எழுதும்போது காலை பதினோரு மணி. பக்கத்துத் தெருவிலிருந்து என் மேஜை வரைக்கும் மிக்சி அலறுகிறது... மாடியில் நாலு பேரும் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள்!