அரிசி என்று எழுதிய பானை

எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே படிக்கத் தெரியும். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காணை கிராமத்தில் எங்கள் வீட்டிலும் அன்று சிரித்தார்கள்.

சித்தப்பா பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியிருந்த யுத்த காலம் அது. சித்தி, கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்து மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். மறுபடி அங்கே போய்த் தங்கி டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மருமகள் வெளியூரில் தங்குவதாவது என்று தாத்தா பிடிகொடுத்துப் பேசவில்லை. கடைசியில், பொங்கலுக்குள் இந்த வாண்டைப் படிக்கவைத்துக் காட்டினால் அனுப்புகிறேன் என்றார். வாண்டு நான்தான். ஓர் இடத்தில் உட்காராதவள் என்பதால்தான் அவ்வளவு துணிச்சலாக வாக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

தாத்தா மணலில் 'அ' எழுதி விரல் தோல் உரியப் படித்தவர். சித்தியோ எனக்கு எழுத்தே சொல்லித் தரவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக ஒரு சொல்லை எழுதி, சோற்றுக் கஞ்சி தடவி, அந்தப் பொருளின் மேலேயே ஒட்டினாள். கதவில் கதவு, உரலில் உரல், அரிசிப் பானையில் அரிசி. போகும்போதும் வரும்போதும் முழுச் சொல்லையும் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கைநாட்டு வைக்கிற என் அம்மா, வீடு மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது என்று முணுமுணுத்தாள்.

ஐப்பசியில் அரிசி கிடைப்பது நின்றது. அம்மா அரிசிப் பானையில் கேப்பையைக் கொட்டிவைத்தாள். நாங்கள் மூன்று வேளையும் கூழ் குடித்தோம். தாத்தாவுக்கு மட்டும், எங்கோ கேட்டு வாங்கி ஒளித்துவைத்திருந்த அரிசியில் ஒரு பிடி வடித்தாள். அவர் முதலில் தனியாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மற்றவர் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியக் கூடாதென்று அம்மாவும் சித்தியும் பேசிவைத்திருந்தார்கள்.

எனக்குத்தான் பெரிய குழப்பம். காகிதம் அப்படியே இருந்தது, உள்ளே இருந்தது மாறிவிட்டது. யாரையும் கேட்காமல் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பொருள் மாறினால் சொல்லும் மாறிவிடும்.

போகிக்கு முன்னால் தாத்தா சோதிக்க உட்கார்ந்தார். கதவைப் பார்த்துக் கதவு என்றேன், உரலைப் பார்த்து உரல் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"எடத்தப் பாத்து ஒப்பிச்சிக்கினு இருக்குது. எல்லாத்தையும் பிச்சி எடுத்தாந்து காட்டு."

சித்தி கிழியாமல் உரித்துக் கொண்டுவந்தாள். கதவு சரி. உரல் சரி. தாத்தாவின் முகம் சுருங்கத் தொடங்கியது. அடுத்த காகிதத்தை அவரே எடுத்து நீட்டினார். நான் கணீரென்று கேப்பை என்றேன்.

தாத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது சித்திக்குத் தெரியும். வெளியே சொன்னால் தாத்தாவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அவள் காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

அப்போது அம்மா அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"கொழந்த மேல தப்பு இல்லீங்க மாமா. தாள்ல அரிசின்னுதான் இருக்குது. பானையில இருக்கிறது கேப்பை. அவ பானையப் படிச்சிட்டா."

சிரிப்பு நின்றது. தாத்தா காகிதத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

அரிசி இல்லாததைக் கேட்டாரா, அம்மா படித்ததைக் கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா தலையைக் குனிந்து, "ஐப்பசிலேருந்துங்க" என்றாள்.

அன்று தாத்தா சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுக் கூழ் கேட்டார். பொங்கல் கழிந்ததும் தாத்தாவே சித்தியைத் திண்டிவனத்துக்கு அனுப்பச் சொன்னார், அப்பா வண்டி பூட்டினார். விழுப்புரம் போய் ரயிலேற வேண்டும். சித்தியின் தகரப்பெட்டி வண்டியில் ஏறியது. அம்மாவும் சித்தியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் தப்பாகப் படித்ததால்தான் சித்தியை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. வண்டி மறையும்வரை நானும் அழுதேன்.

அம்மா அந்தக் காகிதத்தைக் கேப்பைக் கூழ் தடவி மறுபடி பானையில் ஒட்டியிருந்தாள். மறுநாளிலிருந்து நான் அதன் முன்னால் போய் நின்று, உள்ளே இருந்த கேப்பையைப் பார்த்தபடி, தெருவுக்கே கேட்கும்படி "அரிசி" என்று படித்தேன். சரியாகப் படித்தால் சித்தியைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள் அல்லவா.

அடுப்படியிலிருந்து அம்மா ஒவ்வொரு முறையும், "அரிசிதான்" என்றாள்.