டப்பா மாறிவிட்டது என்றேன்

எங்களுக்குக் குழந்தை இல்லை. கடைசியில் என்னையும் பரிசோதித்தபோது, விந்தணுக்கள் ஓடவில்லை என்று ராயபுரத்து லேப்பில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. வேறு எவனுடைய டப்பாவோ மாறியிருக்கும் என்றேன்.

மறுவாரம் திரும்பக் கொடுத்தேன். கூச்சத்தையும் மீறி, டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டு லேப் பெண்ணின் மேசைவரை போனேன்.

"இன்னாண்ணா, தங்கமா கொண்டாந்துகீற? குடு" என்று சிரித்தாள். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் செருகி, "நீயே பாரு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். வாலோடு நிறைய இருந்தன. ஒன்றிரண்டுதான் துடித்தன.

"செத்துப் பூட்ச்சா?"

"உயிர் கீது. ஓடத் தெம்பில்ல. வாலாண்ட குட்டி இஞ்சின் மாதிரி ஒண்ணு கீது. சூடு பட்டா அது கெடலாம். உனுக்கு இன்னா வேலை?"

"விசைப்படகு டிரைவர்."

"எங்க குந்துவ?"

இஞ்சின் பெட்டி மூடிமேல்தான் உட்காருவேன். கடல் குளிருக்கு அதன்மேலேயே படுத்தும் விடுவேன்.

வெளியே பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். இத்தனை வருடமும் டாக்டர் டாக்டராக அவளைத்தான் அனுப்பியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இனிமே அதும்மேல குந்தாத" என்றாள்.

லேப்பைச் சந்தேகப்பட்டேன், அவளைச் சந்தேகப்பட்டேன். என்னைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.