கடலடியில் நடந்தவர் எண்ணிய வேட்டு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நாமக்கல் சீமையில் நான் வெட்டிய கிணறு வற்றிப்போனது என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. ஒற்றைக் கடப்பாரையோடு தொடங்கி முப்பது ஆளுக்கு மேஸ்திரியானேன். பாறையைத் தட்டிப் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்வேன். இதையெல்லாம் சொல்கிறவன் எருமப்பட்டிக் கிணற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் சின்ன வயதில் ஓடிப்போய்க் கொழும்பில் கப்பல் வேலைக்குச் சேர்ந்தார். செம்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு கடலின் அடியில் நடந்து, எங்கே மணல், எங்கே பாறை, எங்கே மூழ்கின கப்பல் என்று துரைமாருக்குச் சொன்னவர். பேப்பரில் படம் வந்த ஆள். கடைசியில் கடல் அவர் காதைத் தின்றுவிட்டது, மூட்டுகளையும் முறுக்கிவிட்டது. ஊர் திரும்பியவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான்தான் கூலி கொடுத்துக் கிணற்று மேட்டில் உட்கார வைத்தேன். கடலடியைக் கண்டவர் என்னிடம் வேலை பார்க்கிறார் என்றால் பெருமைதானே.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடை. காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. பக்கத்துப் பாறைக் குன்று, நாங்கள் கரடு என்போம், மொட்டையாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. கிணற்றடிப் பாறையில் ஐந்து குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே வந்தோம். வேட்டுச் சத்தத்தை மேஸ்திரி மட்டும்தான் எண்ணுவது எங்கள் தொழில் வழக்கம். அவர் சொன்ன எண்ணுக்கு மறுபேச்சு கிடையாது.

வேட்டுகள் வெடித்து ஓய்ந்தன. புகை அடங்கியது. "அஞ்சு. எறங்கலாம்," என்றேன்.

கடல்காரர் உள்ளங்கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். "நாலு தானுங்க. ஒண்ணு உள்ளயே கெடக்குது."

"அந்தக் காதுலயா எண்ணுனீங்க?" என்று என் காதைத் தொட்டுக் காட்டினேன். ஆட்கள் சிரித்தார்கள்.

"காதை உடுங்க. தரை நாலு தடவைதான் அதிர்ந்துச்சு. உங்களுக்குக் கேட்டது கரடு திருப்புன சத்தமா இருக்குமுங்க."

ஐந்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் எட்டி என் சுண்டுவிரலை மடக்கினார். முப்பது ஆளுக்கு முன்னால். கையை உதறிக்கொண்டேன். என் தம்பி கடப்பாரையோடு படியில் நின்று என்னையே பார்த்தான். தலையை அசைத்தேன். இறங்கினான்.

கடப்பாரை பாறையில் படும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு ஐந்தாவது வேட்டு.

கிணறு நிறையப் புகை. அதற்குள் போனால் மூச்சு நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை. கடல்காரர்தான் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து, வாயை மூடியபடி இறங்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. நின்றது. நெடுநேரம் கழித்து ஆடியது. இழுத்தோம். தம்பியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். தம்பிக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் அவர் இரத்தமாக இருமிச் செத்தார். எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அதன் பிறகும் நிறையக் கிணறு வெட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் எண்ணினேன். ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருஷம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது தம்பியிடம் கேட்டேன். "அன்னைக்கு அவரு நாலுன்னது உனக்குக் கேட்டுச்சாடா?"

இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "கேட்டுச்சுங்ணா. நீங்க அஞ்சுன்னீங்க."