லார்க்கினில் தண்ணீர் காய்ச்சியவர்

லார்க்கின் என்ற ஊரை இன்று மேற்கு ஆஸ்திரேலிய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. நேரில் போனால் உடைந்த பீர் புட்டிகளும், உப்பு ஏரிக்கரையில் துருவேறிய இரும்புத் தொட்டியும், சில கல்லறைகளும் இருக்கும். தங்கம் அகப்பட்ட செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து கூடாரம் அடித்த ஊர் அது. எல்லிஸ் என்கிற நானும் மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தேன். உயிரோடு திரும்பியதற்குக் காரணம் தாமசின் பாஸ்கோ, எங்கள் எல்லோருக்கும் அக்கா.

அவர் கணவரோடு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவர். முதல் கோடையிலேயே சுரங்கம் சரிந்து கணவர் இறந்துபோனார். அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த தொட்டி ஒன்றை வாங்கித் தண்ணீர் காய்ச்ச உட்கார்ந்துவிட்டார்.

லார்க்கினில் தங்கத்தைவிட அரிது தண்ணீர். ஏரித் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதைக் கொதிக்க வைத்து, ஆவியைத் தகரக் குழாய்களில் ஓட்டிக் குளிரவிட்டால் மறுமுனையில் நல்ல தண்ணீர் சொட்டும். அதற்கு அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். அந்த வெயிலில் அடுப்படியில் நின்று நின்று அக்காவின் புருவமே பொசுங்கிப் போயிருந்தது.

கொஞ்சமாக ஊறும் ஊர்க் கிணற்றை, சரக்கு ஏற்றிவரும் ஒட்டகக்காரர்கள் தொடக் கூடாது என்று சாராயக்கடை கிரேலி ஆள் சேர்த்துக்கொண்டு அலைந்த காலம் அது. மிர்சாத் என்ற ஆப்கானியர் தன் ஒட்டகங்களோடு அக்காவிடம் வந்தார். கிரேலியும் பின்னாலேயே வந்தான்.

"இவனுக்கு ஊத்தினா உங்கிட்ட ஒருத்தனும் தண்ணி வாங்க மாட்டான், பாத்துக்க."

"வாங்காட்டிப் போ. உன் பீர்லயே மூஞ்சி கழுவிக்க" என்றார் அக்கா. பிறகு மிர்சாத்திடம், "நீங்க வாங்கண்ணே. மொதல்ல ஒட்டகம் குடிக்கட்டும்" என்றார்.

அடுத்த கோடையில் குடல் காய்ச்சல் வந்தது. என்னோடு தோண்டிக்கொண்டிருந்த கூட்டாளி, நான் படுத்த அன்றே மூட்டையைக் கட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பயம். நான் கூடாரத்தில் கேட்பாரற்றுக் கிடப்பது அக்காவின் காதுக்கு எட்டியது. தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, தண்ணீர்ப் பீப்பாயை ஏற்றுவதுபோல் என்னை ஏற்றிப் போனார். கணவரின் கட்டிலில் படுக்க வைத்தார்.

"அக்கா, என்னால ஒங்களுக்கும் வந்துடும்."

"வந்தா வரட்டும். வாயத் தொற. முழுங்கு. பேசறத அப்புறம் பேசிக்கலாம்."

என்னைப் பார்த்து, காய்ச்சல் கண்ட மற்றவர்களும் வந்தார்கள். அக்காவின் கொட்டகை நிறைந்து வெளியிலும் ஆட்களைக் கிடத்த வேண்டியதாயிற்று. ஒருநாள் கிரேலியையும் தூக்கிவந்து போட்டார்கள். அக்கா குனிந்து கேட்டார்:

"தண்ணி வேணுமா, பீர் வேணுமா?"

"தண்ணிக்கா" என்றான் அவன். குவளை நிறையக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து விறகு தீர்ந்தது. வெட்டுகிறவர்களெல்லாம் படுக்கையில். அடுப்பு அணைந்தால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் நாங்கள் இல்லை. அக்கா தன் மேசையை உடைத்துப் போட்டார், பிறகு நாற்காலிகளை. கதவில் கோடரியை வைத்தபோது ஒட்டக மணி கேட்டது. மிர்சாத்தின் ஒட்டகங்கள் எல்லாவற்றின் முதுகிலும் முல்கா என்ற பாலை மரத்தின் விறகு.

"எவ்வளவு தரணும்ணே?"

"அந்தப் பேச்சே வேண்டாம்மா. அன்னிக்கு இதுங்க கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சதே, அது எனக்கு இன்னும் மறக்கல."

காய்ச்சல் அடங்கும்வரை அவர் விறகு கொண்டுவந்தார். எல்லோரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களுக்கு அக்காதான் முகம் துடைத்துத் தலை வாரிவிட்டார். ஆனால் எழுந்து நடந்தவர்கள் நிறைய. நான் அவர்களில் ஒருவன்.

சில வருடங்களில் தங்கம் ஓய்ந்தது. வந்த வேகத்திலேயே ஊர் கலைந்தது. கடைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. "அவர இங்க தனியா விட்டுட்டு நான் எங்கடா போறது?" என்றார்.

பிழைத்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசினோம். அக்காவின் கணவர் பாஸ்கோவின் கல்லறைக்குக் கல் சுவர் எழுப்பினோம். வேறு ஊருக்குப் போனாலும் வருடம் ஒருமுறை அக்காவை அங்கே அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்தோம். கிரேலிதான் அழுது அழுது சம்மதிக்க வைத்தான். அக்காவின் தகர வீட்டைத் தகடு தகடாகப் பிரித்து மிர்சாத்தின் ஒட்டகங்களில் ஏற்றி, ரயில் நிற்கும் ஊரில் மறுபடி நிறுத்தினோம். எங்களில் ஒருவனுக்கும் தச்சு வேலை தெரியாது. வாசல் பின்பக்கம் போய்விட்டது.

அக்கா வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "இருக்கட்டும்டா, காத்து இந்தப் பக்கந்தான் வருது" என்று சொல்லி உள்ளே போனார்.

வருடம் தவறாமல் கல்லறைக்குப் போய்வந்தோம். நான் ரயில்வேயில் சேர்ந்து, மணம் முடித்து, அதே தெருவில் குடியேறினேன். பிறகு கடற்கரைப் பக்கத்து அணையிலிருந்து குழாய் போட்டு எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் நாள் தெருக்குழாயை அக்காவைத்தான் திறக்கச் சொன்னோம். திறந்தார். தண்ணீர் கொட்டியது. குடிக்கவில்லை; கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றார்.

"இதுக்கு வெறகே வேண்டாமாடா எல்லிஸ்?" என்று கேட்டார்.

"வேண்டாங்க்கா" என்றேன்.